துண்டு துண்டாகக் கரை சேர்ந்த துறைமுகம்

ஓகஸ்ட் விடுமுறை வந்தால் நான் வீட்டு அலுமாரிகளை ஒழுங்குபடுத்துவேன் என்று என் வீட்டார் ஒவ்வொரு வருடமும் நம்புகிறார்கள். ஒவ்வொரு வருடமும் நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். இந்த முறை கிளம்ப வைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு.

இந்த வலைப்பூவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். நான் வவுனியாவில் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். யுத்தத்திலிருந்து யாரோ எப்படியோ தப்ப வைத்த பொதுக் கலைப்பொருட்களைத் தேடிப்போய்ப் பார்த்து எழுதுவது என் பைத்தியம். கோயில் வாகனங்கள், சந்திச் சிலைகள், வாசிகசாலைச் சுவர் ஓவியங்கள் என்று ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டேன். அழைத்தவர் ஜெயந்தி, திருகோணமலை லிங்கநகரில் இருக்கும் என் வாசகி.

“ரீச்சர், எங்கட ஊர்ச் சீனை இந்தக் கிழமை திரும்பத் தைக்கினம். நீங்கள் வந்து பாக்கவேணும். அதோட, அதுக்குப் பெயின்ற் அடிக்க வேண்டாமெண்டும் நீங்கள்தான் வந்து சொல்லவேணும். நாங்கள் சொன்னா ஒருத்தரும் கேக்கினமில்லை.”

சீன் என்றால் கூத்து மேடையின் பின்னால் தொங்கும் பெரிய ஓவியத் திரை. மெய்யைச் சொன்னால், நான் போனது அந்தப் பெயின்ற் என்ற சொல்லுக்காகத்தான். கருங்கல் தூணுக்கும் பழைய சொரூபத்துக்கும் பளபள பெயின்ற் அடிப்பவர்களைக் கண்டால் எனக்குச் சன்னதம் வந்துவிடும். இப்படிப் பெயின்ற் வாளியோடு நிற்பவர்களுடன் எத்தனையோ திருவிழாக் குழுக்களில் சண்டை பிடித்திருக்கிறேன். ஒன்றிலும் வென்றதில்லை என்பது வேறு கதை.

வவுனியாவிலிருந்து ஹொறவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை தொண்ணூற்றைந்து கிலோமீற்றர் அளவில் வரும். காலை ஆறரை பஸ்ஸில் ஏறினால் ஒன்பதரைக்குப் பிறகு இறங்கலாம். ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தால் மிச்சம் வரும், நடத்துனர் மறக்காவிட்டால். இடது பக்கம் இருந்தால் வெயில் குறைவு என்று சொல்லித்தான் எல்லோரும் இடது பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். நான் வலது பக்கத்தில் வெயிலோடு வசதியாக வந்தேன். பஸ் நிலையத்தில் வழக்கம்போல இரண்டு மான்கள் கடைக்காரர் போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டு நின்றன. நகரத்தில் அறை இரண்டு பேருக்கு ஐயாயிரத்திலிருந்து கிடைக்கும். நிலாவெளிப் பக்கம் போனால் கடல் கிட்ட, விலை எட்ட.

பையை அறையில் போட்டுவிட்டு லிங்கநகருக்குப் போனேன். ஜெயந்தியின் அம்மா திரேசக்கா கதவைத் திறந்தார். குள்ளமான, உறுதியான மனுசி. மீன்சந்தையில் பேரம் பேசிப் பழகிய குரல். பிளேன்ரீயும் பணிசும் தந்தார், என் மெலிவைப் பற்றி விசாரித்தார், வவுனியாவில் மீன் என்ன விலை என்று கேட்டார். சீனைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. கதிரைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய துணிப்பை இருந்தது. அதற்குள்தான் சீனின் கடைசித் துண்டு இருக்கிறது என்று ஜெயந்தி கண்ணால் காட்டினாள்.

கதையை ஜெயந்திதான் சொன்னாள். அவர்களுடைய ஊர் கொட்டியாரக் குடாவின் அந்தப் பக்கம், மூதூர் தாண்டிப் போக வேண்டிய ஒரு சிறிய கத்தோலிக்க மீனவக் கிராமம். (நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்காரர் ஒருவர் தன் வரவேற்பறையில் மாட்டச் சீனை விலைக்குக் கேட்டு வந்தாராம். அதிலிருந்து ஊரின் பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். எழுதவில்லை.) அங்கே திருவிழாவுக்குப் புனிதர் ஒருவரின் கூத்து போடுவார்கள். தூர தேசத்து அரசன் ஒருவன் புனிதரைச் சிறையில் அடைப்பான், அரசி மனம் மாறுவாள், கடைசியில் அரசனும் மாறுவான். அந்தத் தூர தேசத்துத் துறைமுகத்தை வரையச் சொன்னதற்கு, ஊரில் இருந்த ஓவியர் தனக்குத் தெரிந்த ஒரே துறைமுகத்தை வரைந்துவிட்டார். ஆகவே ஐரோப்பியப் புனிதர் திருகோணமலையில் வந்து இறங்குகிறார். பின்னால் அந்த நகரத்தின் கடலோரக் கோயில் நிற்கும் சுவாமிமலையும் தெரிகிறது. ஊரில் ஒருவருக்கும் அதில் ஆட்சேபம் இருந்ததில்லை.

யுத்தம் அந்தக் கரைக்கு வந்த நாளில் சனம் வள்ளங்களில் ஏறியது. சீன் கோயில் மண்டபத்தில் தொங்கியது. முழுதாகச் சுருட்டி ஏற்றினால் ஒரு வள்ளம் அதற்கே போய்விடும். விட்டுப் போனால் எரிந்துவிடும். கூத்தில் அரசனாக ஆடும் ராசா அண்ணன் மீன் வெட்டும் கத்தியை எடுத்து, அழுதுகொண்டே, துறைமுகத்தைத் துண்டு துண்டாக வெட்டினாராம். ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு துண்டு. பிள்ளைகளை வெயிலிலும் பனியிலும் மூடியது அதுதான். பிறகு முகாம்களில் கூரையானது, பாயானது, ஒரு வீட்டில் குழந்தை தூங்கும் ஏணைகூட ஆனது. இப்போது, ஊர் திரும்பிப் பல வருடங்களுக்குப் பிறகு, துண்டுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துவிட்டன. திரேசக்காவின் துண்டு மட்டும்தான் பாக்கி.

“அம்மா குடுப்பாவா?” என்று குசினிக்குள் போய்க் குசுகுசுத்தேன்.

“தெரியேல்லை ரீச்சர். பெயின்ற் அடிச்சா குடுக்க ஏலாதெண்டு நிக்கிறா. ஏனெண்டு கேட்டா, அப்பா தைச்சதெண்டு மட்டும் சொல்லுறா. அதுக்கு மேல ஒரு கதையும் இல்லை.”

அப்பாவின் பெயர் சூசை. ஊருக்குத் திரும்பாமலே, லிங்கநகர் வீட்டில் ஒருநாள் நெஞ்சுவலியில் போய்விட்டார். கூத்தில் அவர்தான் அரசி. அந்த ஊரில் பெண் வேடமும் ஆண்கள்தான் கட்டுவார்கள். இந்த வருடம் முதன்முறையாக ஒரு பெண் அரசியாகிறாள். அவள் ஜெயந்திதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நசீரின் ஓட்டோவில் கிளம்பினோம். கிண்ணியாவைச் சேர்ந்தவர், நாற்பது வயதிருக்கும். போய்வரக் காத்துநிற்க எல்லாம் சேர்த்து எட்டாயிரம் ரூபாய் பேசினோம். மூதூர் வரை நகரத்திலிருந்து முப்பது கிலோமீற்றர் சொச்சம், அதற்கு மேல் ஊருக்கு இன்னும் கொஞ்சம். பஸ்ஸிலும் போகலாம், ஆனால் திரேசக்கா அந்தப் பையோடு பஸ்ஸில் ஏறமாட்டேன் என்றுவிட்டார். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார். சீனக்குடாவில் வளைந்து கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் தகதகவென்று விரியும். அந்த இடத்தில் ஓட்டோவை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள், யாரும் மறுப்பதில்லை.

நசீருக்கும் சீன் கதை தெரிந்திருந்தது. “எங்கட வாப்பாட கடையிலயும் அதுல ஒரு துண்டு கிடந்திச்சி ரீச்சர். ஆரோ அகதியாப் போனவங்க அரிசி வாங்கிட்டு அதை வச்சிட்டுப் போனாங்களாம். உம்மா அதைக் கண்ட இடத்துல போட விடல்ல. மூட்டைய மூடித்தான் வச்சிருந்தா. இப்ப திருப்பிக் கேட்டாங்கண்டு சொன்னதும் நல்லா சவுக்காரம் போட்டுத் தோய்ச்சி, அயன் பண்ணி, மடிச்சிக் குடுத்துட்டா.”

“சவுக்காரம் போட்டா?” என்று நான் அலறினேன்.

“ஓம். ஊத்தையாவா குடுக்கிற?” என்றார் நசீர், என் அலறலின் காரணம் விளங்காமல்.

அந்தத் துண்டைப் பிறகு பார்த்தேன். கப்பல் ஒன்றின் பாதி அதில் இருந்தது. இப்போது அது பனிமூட்டத்தில் வருகிற கப்பல். ஆனால் மடிப்பு மட்டும் கத்திபோல நின்றது.

கோயில் மண்டபத்தில் துண்டுகளைச் சீமெந்துத் தரையில் பரப்பி, பத்துப் பன்னிரண்டு பேர் சாக்குத் தைக்கும் ஊசியோடு சுற்றி இருந்தார்கள். என்னைக் கேட்டால், அந்தக் காட்சிக்காகவே வவுனியாவிலிருந்து நடந்து வந்திருக்கலாம். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு விதமாக வாழ்ந்திருக்கிறது. கூரையாக இருந்தது வெளிறியிருக்கிறது. பாயாக இருந்ததில் எண்ணெய்க் கறை. ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் சுருங்கியதால், பக்கத்தில் வைத்தால் கடல் பொருந்தவில்லை. ஒரு துண்டில் கடல் உயரம், அடுத்ததில் ஒரு சாண் தாழ்வு. துறைமுகம் படிக்கட்டு மாதிரி இறங்கிப் போனது.

சுவரோரம் நீலப் பெயின்ற் வாளிகள். படகுக்கு அடிக்கிற அதே பளிச் நீலம்.

ராசா அண்ணன் எங்களை வரவேற்றார். அறுபத்தைந்து வயது, முறுக்கிய மீசை, சாரம் கட்டியிருந்தாலும் நடை கிரீடம் வைத்த நடை. இப்போது திருவிழாக் குழுத் தலைவரும் அவர்தான். வந்ததும் வராததுமாக நான் தொடங்கிவிட்டேன். பெயின்ற் துணியை விறைக்க வைக்கும், மடித்தால் வெடிக்கும், அடியிலிருக்கும் பழைய ஓவியம் போனால் போனதுதான், யுத்தம் அழிக்காததை நீங்கள் அழிக்கப்போகிறீர்களா என்று மூச்சு விடாமல் பேசினேன். எல்லோரும் மிகவும் மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவர் எனக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொண்டுவந்தார்.

“ரீச்சர், நீங்கள் சொல்லுறது விளங்குது,” என்றார் ராசா அண்ணன். “ஆனா வெளிறின சீனைக் கட்டினா, திருவிழாக்கு வாற சனம் என்ன நினைக்கும்? இதைக் கவனிக்கிறதுக்கு இந்த ஊரில ஒருத்தரும் மிஞ்சேல்லையோ எண்டெல்லோ கேக்கும். நாங்கள் இருக்கிறம் எண்டு காட்டவேணும்.”

இத்தனை வருடமும் பெயின்ற் அடிப்பவர்களை ரசனை இல்லாதவர்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு பொருளில் புது நிறம் இருந்தால் அதற்குச் சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

“திரேசா, துண்டைத் தா,” என்று ராசா அண்ணன் கையை நீட்டினார்.

திரேசக்கா பையிலிருந்து துண்டை எடுத்தார். மடிப்புக் கலையாமல் அதை ஒரு கதிரையில் வைத்தார். வைத்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“பெயின்ற் வாளியை வெளியால கொண்டுபோங்கோ, எழும்புறன்.”

மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கெஞ்சிப் பார்த்தார்கள், பகிடி பண்ணிப் பார்த்தார்கள், அவருடைய துண்டுக்கு மட்டும் பெயின்ற் அடிக்கமாட்டோம் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். மற்றத் துண்டுகளைத் தைத்து முடித்தார்கள். திருவிழாவுக்கு இன்னும் நான்கு நாட்கள்தான் இருந்தன. வானத்தில், அரண்மனைக்கு மேலே, திரேசக்காவின் துண்டு வரவேண்டிய இடத்தில் சீமெந்துத் தரை தெரிந்தது. மத்தியானம் சோறும் பாரைமீன் குழம்பும் வந்தது. அவருக்குக் கதிரைக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். உட்கார்ந்தபடியே சாப்பிட்டார், உட்கார்ந்தபடியே கை கழுவினார். நசீர் என் காதுக்குள், “இவங்களைத்தான் அரசியாப் போட்டிருக்கோணும்,” என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ராசா அண்ணன் இன்னொரு கதிரையை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். குரலைத் தணித்தார். ஆனால் கூத்துக் குரலைத் தணித்தாலும் மண்டபம் முழுவதும் கேட்கும்.

“தங்கச்சி, பெயின்ற்தான் பிரச்சினையெண்டா உன்ர துண்டுக்கு அடிக்காம விடுறம். அதைச் சொல்லியும் நீ எழும்பேல்லை. அப்ப வேற என்னவோ இருக்கு. என்னெண்டு சொல்லு.”

திரேசக்கா சொன்னார். முகாமில் ஒருநாள் காற்றில் துண்டு கிழிந்துவிட்டது. மழை, உள்ளே கைக்குழந்தை. ஒட்டுப்போட வேறு துணி இல்லை. சூசை தன் பையைத் திறந்து, கூத்தில் அரசி கட்டும் சீலையை எடுத்து வெட்டினார். வள்ளத்தில் ஏறும்போது பிள்ளைகளுக்கு மாற்றுடுப்புக்கூட எடுக்காமல், அந்தச் சீலையைத்தான் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

“ஊர்க்காசில வாங்கின கூத்துச் சீலை. பிறகு நீங்கள் எல்லாரும் கேக்கேக்க, கடலில போயிட்டுதெண்டு பொய் சொன்னவர். சாகும்வரை அதுதான் அவருக்குப் பெரிய கவலை. இதை விரிச்சா ஊர் கண்டுபிடிச்சிடும். பெயின்ற் அடிச்சா அவற்ர தையல் போயிடும். நான் என்ன செய்யிறது? கூத்துச் சீலையை வெட்டினவனெண்டு செத்த மனுசனை ஒருத்தரும் கதைக்க நான் விடமாட்டன்.”

ராசா அண்ணன் மீசையைத் தடவினார்.

“நான் சீனையே வெட்டினனான், தங்கச்சி,” என்றார். “ஒரு சீலைக்குப் போயா நீங்கள் ரெண்டு பேரும் இவ்வளவு காலமும் பயந்தனீங்கள்?”

திரேசக்கா எழுந்தார்.

துண்டை விரித்தோம். வெளிறிய வானத்தின் நடுவே கத்தரிப்பூ நிறத்தில், சரிகைக் கரையோடு, இரண்டு கையகல ஒட்டு. சுற்றிவரத் தைத்திருந்தது நைலோன் வலை நூலால், ஒவ்வொரு தையலுக்கும் ஒரு வலை முடிச்சு. ராசா அண்ணன் முழங்காலில் நின்று அந்த முடிச்சுகளை விரலால் தொட்டுக்கொண்டே போனார். “ஊசி பிடிக்கத் தெரியாத பயல்,” என்றார். நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, அங்கே இருந்த எல்லோரும்தான் அழுதோம். நசீர் ஓட்டோவைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார்.

கடைசியில் ஒரு தீர்ப்பு வந்தது. கடலுக்கு மட்டும் பெயின்ற். வானத்துக்கு வேண்டாம். படிக்கட்டுக் கடலை நேராக்கவும் தேவையில்லை, கடல் என்றால் அலை இருக்கும்தானே என்றார் ராசா அண்ணன். நான் பாதி தோற்றேன், பாதி வென்றேன். என் சரித்திரத்தில் இது சாதனை. போதாக்குறைக்கு, “ரீச்சர் சித்திரக்காரர்தானே,” என்று ஒரு தூரிகையும் என் கையில் வந்து சேர்ந்தது. பெயின்ற் அடிப்பவர்களின் பரம வைரியான நான், கப்பலுக்கு அடியில் ஒரு முழம் கடலுக்கு நீலம் அடித்தேன். நன்றாகவே அடித்தேன். நகத்திலிருந்து அது போக ஒரு கிழமை எடுத்தது.

பின்னேரம் நான்கு மணியளவில், நீலம் காய்ந்தும் காயாததுமாகச் சீனை உயர்த்திக் கட்டி ஒத்திகை பார்த்தார்கள். அரசன் அரசியைப் பார்த்துப் பாடும் முதல் பாட்டு. ஜெயந்தி வலது பக்கம் நின்றாள். ராசா அண்ணன் மத்தளத்துக்குக் காலெடுத்து வைத்தார், குரலெடுத்தார், ஆனால் அவளுக்கு முகம் காட்டவில்லை. திரும்பி, வானத்திலிருந்த அந்த ஒட்டைப் பார்த்து முழுப் பாட்டையும் பாடினார். மத்தளக்காரர் நிறுத்தவில்லை. ஜெயந்தியும் தன் இடத்தில் அசையாமல் நின்றாள். பாட்டு முடிந்ததும் அவர் அவள் பக்கம் திரும்பி, “இனி உனக்கு, பிள்ளை,” என்று சொல்லி முதலிலிருந்து தொடங்கினார்.

போக நினைப்பவர்களுக்கு: ஓகஸ்டில் கொட்டியாரக் குடா அமைதியாக இருக்கும், ஆனால் வெயில் மண்டையைப் பிளக்கும். தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள். மூதூரில் இறங்கி, கூத்து நடக்கும் கத்தோலிக்கக் கோயில் எது என்று கேட்டால் வழி காட்டுவார்கள். சாப்பாட்டுக்குக் காசு கொடுக்கப் பார்க்காதீர்கள், கோபித்துக்கொள்வார்கள். கோயில் உண்டியலில் போடலாம். சீனைப் படம் எடுக்கலாம், விலை மட்டும் கேட்காதீர்கள். திருவிழா இல்லாத காலத்தில் அது மண்டபத்துக் கூரைக்குக் கீழே சுருட்டித் தொங்கும். கேட்டால் அவிழ்த்துக் காட்டுவார்கள்.

யுத்தத்திலிருந்து மீண்ட பொருள் எப்படி இருக்கவேண்டும் என்று எனக்கு நிறைய அபிப்பிராயங்கள் இருந்தன. இப்போது கொஞ்சம் குறைந்திருக்கின்றன. அந்த ஊர்ச் சனம் ஒரு துறைமுகத்தை வெட்டித்தான் காப்பாற்றினார்கள். தோய்த்தும், அயன் பண்ணியும், ஒட்டுப்போட்டும், நீலம் அடித்தும் காப்பாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் அவ்வளவு அன்பு.

திருவிழா முடிந்து ஜெயந்தி அழைத்திருந்தாள். வருகிறவர்கள் எல்லோரும் வானத்திலிருக்கும் அந்தக் கத்தரிப்பூ ஒட்டைக் காட்டி அது என்னவென்று கேட்கிறார்களாம். நீங்களும் போனால் கேளுங்கள். திரேசக்கா பக்கத்தில்தான் நிற்பார். மீன்சந்தைக் குரலில், மண்டபம் முழுவதும் கேட்கச் சொல்வார்: “அது கூத்துச் சீலை. என்ர மனுசன்தான் வெட்டினவர்.”